லாபத்தில் மூடிய கிளை

அப்பா,

கண்ணாடிக் கதவின் உள்பக்கக் கைப்பிடியில் ஓரிடத்தில் மட்டும் கறுப்பு வண்ணம் தேய்ந்து இரும்பு தெரிகிறது. வேலைக்கு வந்த அன்று முதலில் கண்ணில் பட்டது அதுதான். உங்கள் கை உயரம். தஞ்சோங் காராங்கில் நீங்கள் காவல் நின்ற வங்கிக் கிளை இப்போது பிளாஸ்டிக் சாமான் கடை. வருகிறவர்களுக்கெல்லாம் நீங்கள் திறந்துவிட்ட கதவுக்கு இந்தப் பக்கம் நான் வாளி அடுக்குகிறேன்.

வங்கியின் காலாண்டு அறிக்கை வந்தால் உங்களுக்குத் திருவிழா. லாபம் கூடியிருந்தால் அம்மாவை முறுக்கு சுடச் சொல்லி, டப்பா நிறையக் கொண்டுபோவீர்கள். ஒரு பள்ளி விடுமுறையில் நானும் வந்தேன், உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு.

"சார், இந்தத் தடவ நம்ம பேங்க் எப்படி?"

மேனேஜர் முறுக்கை உடைத்தபடி சொன்னார். "லாபம் கூடியிருக்குண்ணே. அதவிட முக்கியம், செலவு விகிதம் கொறைஞ்சிருக்கு. சம்பாதிக்கிற ஒவ்வொரு வெள்ளிக்கும் எவ்வளவு செலவாகுதுன்னு பாக்குறது. கொறையக் கொறைய பேங்க் ஸ்ட்ராங்."

"கேட்டியா பாப்பா? நம்ம பேங்க் ஸ்ட்ராங் லா!" என்று கைதட்டினீர்கள். அவரும் சிரித்தார். இன்னொரு முறுக்கு எடுத்துக்கொண்டார்.

அடுத்த மாதம் கிளையை மூடினார்கள். இன்னும் குறைக்க வேண்டிய செலவில் வாடகை இருந்தது, மின்சாரம் இருந்தது, நீங்களும் இருந்தீர்கள். முறுக்கு தின்ற அன்றே அவருக்கு அது தெரியும். அவருக்கு வேறு கிளை கிடைத்தது. நீங்கள் ராவாங் தொழிற்சாலைக்குக் காவல் வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போய்வந்தீர்கள்.

"பேங்க் நல்லா இருந்தா போதும். மறுபடி கூப்பிடுவாங்க" என்பீர்கள்.

ஒரு விடியற்காலை மழையில் உங்கள் மோட்டார் சைக்கிளில் லோரி மோதியது; நீங்கள் வீடு திரும்பவில்லை. யாரும் கூப்பிடவில்லை. படிவம் நான்கோடு, பதினாறு வயதில், நான் பள்ளியை விட்டேன். கணக்கியல் தேர்வில் செலவு விகிதத்தைக் கேட்டிருந்தால் நன்றாகவே எழுதியிருப்பேன்.

இன்று வாளி வாங்க வந்த ஓர் ஆன்ட்டி கேட்டார். "ஏம்மா, இங்கதானே பேங்க் இருந்திச்சு? நஷ்டமாயி மூடிட்டாங்களா?"

தெரியாதவர்களிடம் எனக்கு வாய் வராது, உங்களுக்குத் தெரியும். ஆனாலும் சொன்னேன். "இல்ல ஆன்ட்டி. லாபம் லா."

வேடிக்கை என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போனார்.

கண்ணாடி துடைக்கக் கடை முதலாளி தவுக்கே கொடுத்த நாளிதழில் அந்த வங்கியின் செய்தி இருந்தது. லாபம் உயர்வு, செலவு விகிதம் மேலும் குறைவு. தாளைக் கசக்கி நனைத்துக் கதவு முழுக்கத் துடைத்தேன். கைப்பிடிக்கு மட்டும் என் சட்டை நுனியை எடுத்துக்கொண்டேன்.