நிஜமாக எவ்வளவு தூக்குவீர்கள்?

ஜூன் 9, திங்கள்

பள்ளி மூடியாயிற்று. பேருந்தைக் கழுவிக் கொட்டகையில் விட்டேன். இருக்கைகளுக்கு அடியில் இந்த வருடம் கிடைத்தவை: ஒற்றைக் கையுறைகள் பதினொன்று, ஒரு பல் கம்பி, பாதி கடித்த எல்க் மான் கறி வற்றல். முகர்ந்து பார்த்தேன். மிளகு அதிகம். யார் வீட்டுச் சரக்கு என்று தெரிந்துவிட்டது.

சாயங்காலம் ஓரின் வந்தான். என் வீட்டுக்காரன் கேலுக்குப் பெரியப்பா மகன், எனக்கு இருபத்திரண்டு வருட வேட்டைக் கூட்டாளி. கேலுக்குத் துப்பாக்கிச் சத்தமே ஆகாது. நாங்கள் மலைக்குப் போவோம், அவன் சமைப்பான். அப்படித்தான் எங்கள் குடும்பம் ஓடுகிறது.

ஓரின் கையில் ஒரு தாள். நான் வாங்க வேண்டிய புது முதுகுப்பையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று எழுதிக்கொண்டு வந்திருக்கிறான். நூற்றிருபது பவுண்ட் தாங்கும் உலோகச் சட்டம். சட்டத்துக்கும் பைக்கும் நடுவே இறைச்சி வைக்க இடம். எல்லாவற்றுக்கும் மேலே, அடியில் இரண்டு கோடு போட்டு: இடுப்புப்பட்டைக்கு இரும்பு பக்கிள்.

“அந்த ஷானா பொண்ணு தைக்கிற பிளாஸ்டிக் சமாச்சாரம் இனி வேணாம். ஒருவாட்டி பட்டது போதும்” என்றான்.

சரி என்றேன்.

ஜூன் 13

காபிக் கடை வாசலில் ஓரினுடைய வண்டி. வண்டிக்குள் கண்ணாடியில் என் உடைந்த பக்கிளைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறான், போன நவம்பரிலிருந்து. வண்டியில் ஏறுகிற ஒவ்வொருவனும் இது என்ன என்று கேட்க வேண்டும், இவன் கதை சொல்ல வேண்டும். வண்டிக்கு இரண்டு மைல் இருக்கும்போது வாண்டாவின், அதாவது என், பக்கிள் தெறித்தது, ஒரு முழுப் பின்தொடையைப் பனியில் விட்டுவிட்டு வர வேண்டியதாயிற்று, காலையில் போனால் கரடி மண்ணைப் போட்டு மூடி வைத்திருந்தது. கரடி மூடி வைத்ததை யாரும் போய்க் கேட்க முடியாது.

இந்த ஊரில் குடித்துவிட்டு வேலியை இடித்தவனை மன்னிப்பார்கள். சுட்டதைத் தூக்கிவராமல் விட்டவனுக்கு மன்னிப்பில்லை. எங்களுக்குக் கறி முதலில், கொம்பு கடைசியில். அதனால் கதை கேட்டவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்துப் பாவம் என்பார்கள். ஷானாவைப் பற்றி வேறு மாதிரி சொல்வார்கள்.

ஜூன் 21, சனி

பழைய சட்டத்தில் தண்ணீர்க் கடினம் போக்கும் உப்பு மூட்டைகள் இரண்டைக் கட்டினேன். மூட்டைக்கு நாற்பது பவுண்ட். வாய்க்கால் மேட்டில் ஏறிப் பார்ப்பது என்று திட்டம்.

மேட்டுக்கே போகவில்லை. பின்வாசல் படியில் உட்கார்ந்து வாரை மாட்டினேன், எழுந்திருக்க முடியவில்லை. பக்கவாட்டில் சாய்ந்து கையை ஊன்றினேன், கவிழ்ந்த ஆமை மாதிரி ஆகிவிட்டது. சமையலறை ஜன்னலில் கேல் சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்தான்.

“முடியலன்னா முடியலன்னு சொல்லித் தொலையேன். அதுல என்ன கேடு?”

“கால் வழுக்கிருச்சு.”

ஒரு மூட்டையை அவிழ்த்துக் கீழே வைத்தான். நாற்பதோடு மேட்டில் ஏறி இறங்கினேன். முழங்கால் முனகியது, அவ்வளவுதான்.

ஜூலை 2

ஷானா போன் செய்தாள். டயர் கடைக்குப் பக்கத்தில் பை தைக்கிற பெண். பன்னிரண்டு வருடம் என் பேருந்தில் வந்தவள், கடைசி இருக்கையில் உட்கார்ந்து ஊசியும் நூலுமாக எதையாவது பிரித்துத் தைத்துக்கொண்டிருப்பாள்.

“மிஸஸ் கே, அந்த உடைஞ்ச பக்கிள் எனக்கு வேணும். ஓரின்கிட்ட கேட்டேன், சிரிச்சுட்டுப் போயிட்டாரு. தப்பு என்னோடதுன்னா நான் தெரிஞ்சுக்கணும். மலையில என்னோட பை தொண்ணூறு சுத்திட்டிருக்கு. எல்லாத்துலயும் மாத்தணும்.”

“எல்லாத்துலயுமா?”

“ஒருத்தர் கறியைக் கரடி தின்னது போதாதா? அடுத்தது ஆளா இருந்தா?”

பார்க்கிறேன் என்றேன். பார்க்கிறேனாம்.

ஜூலை 6, ஞாயிறு

போன வருட நோட்டை எடுத்தேன். நவம்பர் 16: ‘பக்கிள் உடைந்தது. ஒரு தொடை போயிற்று.’

இந்த நோட்டை யாரும் படிப்பதில்லை. கேல் தொட மாட்டான். பின்னே யாருக்காக இதில் பொய் எழுதினேன்?

எழுதிவிடுகிறேன். பக்கிள் தானாக உடையவில்லை. ஓரின் தன் பாரத்தோடு முன்னால் போய்விட்டான். இறக்கிவிட்டு எனக்காகத் திரும்பி வருவதாகப் பேச்சு. நான் ஒரு விழுந்த மரத்தில் மூச்சு வாங்க உட்கார்ந்தேன். எழ முடியவில்லை. மூன்று தடவை முயன்றேன். மூன்றாவது தடவை அழுதேன், ஐம்பத்தெட்டு வயதில், பனியில், மூக்கு ஒழுக. பையைக் கழற்றிப் போட்டேன். கரடிக்கு எட்டாமல் கறியை மரத்தில் கட்டித் தூக்கலாம் என்றால் கயிறு ஓரின் பையில். அவன் வருவான், என்ன சொல்வேன்? தூக்க முடியவில்லை என்றா? அடுத்த வருடம் பாவம் பார்த்துக் கூட்டிப்போவான். அதற்கடுத்த வருடம் கூப்பிடவே மாட்டான்.

ஒரு கல்லை எடுத்தேன். பக்கிள் மேல் இரண்டு அடி.

ஓரின் வந்து சேர ரொம்ப நேரமாயிற்று. பக்கிளைப் பார்த்தான். “உன் தப்பா இது? விடு” என்றான். அதற்குள் வெளிச்சம் போயிருந்தது, அவனும் களைத்திருந்தான். காலையில் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று இருவரும் இறங்கிவிட்டோம்.

ஒரு விலங்கைக் கொன்று, அதன் நல்ல பாகத்தைக் கரடிக்கு விட்டு, பழியை ஒரு பெண்ணின் தலையில் போட்டிருக்கிறேன்.

ஜூலை 15

ஷானா கடைக்குப் போனேன். சொல்லிவிடத்தான் போனேன். போய் என்ன செய்தேன் தெரியுமா? புதுப் பை ஆர்டர் கொடுத்தேன். ஆர்டர் கொடுத்தால் சரியாகிவிடுமாம்.

அவள் என் முதுகை அளந்தாள், கழுத்தெலும்பிலிருந்து இடுப்பெலும்பு வரை. “பழைய பைக்கு நீங்க ஓரின் அளவையே சொல்லிருக்கீங்க, மிஸஸ் கே. மூணு அங்குலம் பெருசு. பாரம் முழுக்கத் தோள்லயில்ல தொங்கிருக்கும்?”

“ரெண்டும் ஒரே அளவா இருந்தா சட்டத்த மாத்திக்கலாம்னு அவன்தான் சொன்னான்.”

“சட்டத்த மாத்திக்கலாம். முதுக மாத்திக்க முடியுமா?”

துணிக்கு வந்தோம். முள்ளில் உரசினால் சரசரக்காத துணி. பக்கத்துக்கு ஒரு நீள ஜிப், பையை அவிழ்க்காமலே அடியில் இருப்பதை எடுக்க. பத்துப் பதினைந்து அறைகள் வேண்டாம். குளிரில் விறைத்த விரலோடு எந்த அறையில் கத்தி என்று தேட எனக்குப் பொறுமை கிடையாது. இறைச்சி வைக்கும் இடத்துக்கு மூன்று வார், பாரம் உயரத்தில் நிற்க வேண்டும், பின்னால் இழுக்கக் கூடாது. வெளியே கயிற்றுக்கு ஒரு சிறு உறை. இதைக் கேட்கும்போது அளவுநாடாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவளுடைய ஆர்டர் தாளில் கடைசிக் கேள்வி: ‘நிஜமாக எவ்வளவு தூக்குவீர்கள்?’

“அது எதுக்கு?”

“நூறு பவுண்டுக்கான சட்டமே ஏழு பவுண்ட் கனம். அம்பதுன்னா நாலுதான். எல்லா ஆம்பளைங்களும் நூறுன்னுதான் எழுதுவாங்க. அதான் ‘நிஜமாக’ன்னு போட்டேன்.”

அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு வந்தேன்.

ஜூலை 16

சொல்லவில்லை.

ஆகஸ்ட் 2, சனி

வார் நீளம் பார்க்கக் கூப்பிட்டிருந்தாள். கடைக்குள் பைகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. திருப்பி வாங்கியவை. ஷானா ஒவ்வொன்றிலும் பக்கிளை வெட்டி எடுத்து ஒரு வாளியில் போட்டுக்கொண்டிருந்தாள். வாளி முக்கால் நிறைந்திருந்தது. ஒன்றை எடுத்து மூடித் திறந்து பார்த்தேன். டக் என்று மூடியது. டக் என்று திறந்தது. கல்லால் இரண்டு தடவை அடித்தால்தான் உடையும் என்று எனக்குத் தெரியும்.

“நிறுத்து, ஷானா.”

எல்லாவற்றையும் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன், உட்காரச் சொல்லி அவள் சொல்லவுமில்லை. கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

“எட்டு மாசம், மிஸஸ் கே. எட்டு மாசமா ராத்திரி தூங்காம தையலப் பிரிச்சுப் பிரிச்சுப் பாத்திருக்கேன்.”

“தெரியும்.”

“உங்களுக்குத் தெரியாது.” வாளியைக் காலால் தள்ளினாள். “என்கிட்ட சொல்லி என்ன பிரயோசனம்? ஓரின் எங்க உக்காந்து சொன்னாரோ, அங்க போய்ச் சொல்லுங்க.”

வாசல் வரை போன என்னைக் கூப்பிட்டாள். ஆர்டர் தாளை நீட்டினாள். “இதையாவது எழுதிட்டுப் போங்க.”

நாற்பத்தைந்து என்று எழுதினேன்.

ஆகஸ்ட் 4

காபிக் கடை. காலை ஆறரை. வழக்கமான எட்டுப் பேர், அவர்களில் ஓரின். உட்காரவில்லை. பக்கிள் நல்ல பக்கிள், நான்தான் கல்லால் உடைத்தேன், தூக்க முடியவில்லை, சொல்ல வெட்கமாக இருந்தது, ஷானாவின் வேலையில் ஒரு குறையும் இல்லை என்றேன். வீட்டில் ஒத்திகை பார்த்தது நீளம், அங்கே அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது.

ஓரின் தட்டில் பாதி பன்னை விட்டுவிட்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் வெளியே போனான். எதையும் தட்டில் மீதி வைக்காதவன் அவன்.

ஆகஸ்ட் 19

ஓரின் போன் எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 27

பள்ளி திறந்தது. ஐந்தாவது வகுப்புப் பயல் ஒருவன் ஏறும்போதே, “கல்லால அடிச்சீங்களாமே, எந்தக் கல்லு?” என்றான். “இவ்வளவு பெருசு, போய் உக்காரு” என்றேன். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

செப்டம்பர் 20

பை வந்தது. மலைச்சருகு நிறம். ஒரு மூட்டை உப்பும் ஐந்து பவுண்ட் மாவும் வைத்து மேட்டில் மூன்று தடவை ஏறி இறங்கினேன். பாரம் இடுப்பில் உட்கார்ந்திருக்கிறது, தோள் சும்மா இருக்கிறது. இடுப்பில் அதே பிளாஸ்டிக் பக்கிள். அதையே போடச் சொல்லியிருந்தேன். கூட வந்த சீட்டில் ஷானா ‘நன்றி’ என்று எழுதவில்லை, எழுத வேண்டியதுமில்லை.

அக்டோபர் 25, சனி

வேட்டை திறந்த நாள். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாகத் தனியாகப் போனேன். ஓரின் வண்டி அவன் வீட்டு வாசலிலேயே நின்றது.

காலையில் ஒரு பெரிய ஆண் எல்க், ஆறு கிளைக் கொம்பு, பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம். தெளிவான குறி. வண்டியிலிருந்து நாலு மைல். நாற்பத்தைந்தாகப் பங்கு போட்டால் எத்தனை நடை? ஏழு. முடியாது. பார்த்துக்கொண்டே இருந்தேன். அது மேய்ந்து முடித்துவிட்டு மெதுவாகப் போயிற்று. வயிறு எரிந்தது, பொய் சொல்வானேன்.

நவம்பர் 1, சனி

வண்டியிலிருந்து ஒன்றேகால் மைலில் ஒரு பெட்டை எல்க். ஒரே குண்டு. எட்டரை மணிக்கு. உரித்து, பிரித்து, துணிப்பையில் போட்டு, எல்லாவற்றையும் கயிற்றில் கட்டிக் கிளையில் தூக்கினேன். கயிறு என் பையில் இருந்தது. மேட்டில் ஏறிக் கேலுக்குப் போன் செய்து வண்டியடிக்கு வரச் சொன்னேன். ஐந்து நடை ஆகும் என்று கணக்கு.

முதல் நடை முடிந்து இறங்கினால் கேலோடு ஓரினும் நிற்கிறான். கேல்தான் கூப்பிட்டிருக்கிறான், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல். ஓரின் தன் பழைய பெரிய பையை மாட்டியிருந்தான்.

“மிச்சம் எங்க தொங்குது?” என்றான். மூன்று மாதத்தில் பேசிய முதல் பேச்சு.

சேர்ந்து ஏறினோம். அவன் பின்தொடையைக் கட்டிக்கொண்டான், நான் முன்கால். பாதி வழியில் ஒரு பாறையில் உட்கார்ந்தான். நான் நின்றேன். நேரமாயிற்று. அவன் எழவில்லை. முகம் சிவந்து போயிருந்தது.

“கைய குடு” என்றான்.

கொடுத்தேன். எழுந்து, வாரைச் சரிசெய்து, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: “போன வருஷமும் இதே கதிதான். ஒரு மரத்தப் பிடிச்சு, கால் மணி நேரம் தொங்கிட்டு எந்திரிச்சேன். அதான் உன்கிட்ட வர அவ்வளவு நேரம். நீ பக்கிள் உடைஞ்சிருச்சுன்னதும் எனக்கு உசுரே வந்துச்சு. திரும்ப அதத் தூக்கவேண்டாம் பாரு.”

“அதுக்குத்தான் ஊர் பூரா அப்படிச் சொல்லிட்டுத் திரிஞ்சியா?”

“வேற எதுக்கு?”

எனக்குக் கோபம் வந்தது. நிஜமாகவே வந்தது. பத்தடி நடந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அவன் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து என் பையில் வைத்தேன். என் பை தாங்கியது.

நான்கு மணிக்கு எல்லாம் வண்டியில். மலையில் ஒன்றும் மீதி இல்லை.

நவம்பர் 15

ஷானாவுக்கு ஈரல் கொஞ்சமும் வற்றலும் கொண்டுபோனேன். வாங்கிக்கொண்டாள். வற்றலை அங்கேயே கடித்தாள். “மிளகு பத்தல, மிஸஸ் கே” என்றாள். ஜூனில் பேருந்தில் கிடைத்த அந்த மிளகு வற்றல் இவள் வீட்டுச் சரக்குதான்.

தையல் மெஷினுக்கு மேலே ஆணியில் ஒரு புது ஆர்டர் தாள். ஓரினின் பெரிய பெரிய எழுத்து. பக்கிள் எது என்ற இடத்தில் ‘வழக்கமானது’ என்றிருந்தது. கீழே, நிஜமாக எவ்வளவு தூக்குவீர்கள் என்பதற்கு நேராக நூறு என்று எழுதி அடித்திருந்தான். எழுபது என்று எழுதி அதையும் அடித்திருந்தான். பக்கத்தில் சின்னதாக, ஐம்பது.