வெண்ணெயில் ஒரு விரல் பள்ளம்

சாவெலுகு,
வியாழக்கிழமை.

அன்பு மகள் வும்பினிக்கு, அம்மாவின் சலாம். நீயும் மாப்பிள்ளையும் பச்சைப் பிள்ளையும் அந்தக் குளிரில் நல்லபடியாக இருக்க அல்லாஹ் அருள் புரியட்டும். இங்கே நாங்கள் இருக்கிறோம், சாப்பிடுகிறோம், தூங்குகிறோம். போனில் நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கிறாய், நான் நல்லா இருக்கேன் என்கிறேன், அதற்கு மேல் பேச்சு வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். பையனுக்கு உன் அப்பா பெயரையே வைத்துவிட்டாய், புருஷன் பெயரை நான் எப்படியம்மா சொல்லிக் கூப்பிடுவது, அதையாவது யோசித்தாயா?

பிள்ளைக்குத் தோல் உரிகிறது, கடையில் வாங்கிய எதுவும் ஒத்துவரவில்லை, உன் கையால் எடுத்த ஷியா வெண்ணெய்தான் வேண்டும் என்று கேட்டாய். எடுக்காமல் இல்லை. புருஷனை இழந்து இத்தாவில் இருக்கிறவள் எண்ணெய் தடவி மினுக்கக் கூடாதுதான், ஆனால் வேலைக்காகக் கையில் படுவதில் குற்றமில்லை என்று இமாம் சொல்லிவிட்டார். ஷியாக் கொட்டைப் பருப்பை வறுத்து, மில்லில் கொடுத்து அரைத்து, முற்றத்தில் உட்கார்ந்து அடித்தேன். அடிக்க அடிக்க விழுது கையைப் பிடித்து இழுக்கும் பார், அப்போதுதானே குளிர்ந்த தண்ணீர் ஊற்ற வேண்டும், எனக்கு அந்த இழுப்பே தெரியவில்லை. தண்ணீர் சூடா குளிர்ச்சியா என்றுகூடக் கை சொல்லவில்லை. ஊற்றினேன், திரிந்துபோயிற்று. இன்னொரு நாளும் அடித்தேன், அதுவும் போயிற்று. உன் அத்தை சனாத்து எட்டிப் பார்த்துவிட்டு, என்ன அண்ணி, வெண்ணெய் எடுக்கச் சொன்னா செவுரு பூசக் குழைச்சு வெச்சிருக்கீங்க என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம்கூட வரவில்லை. அவள் எடுத்ததையே அனுப்பிவிடலாம் என்றால், உனக்குத் தெரியாததா, பருப்பைக் கருக்கித்தான் வறுப்பாள், பிள்ளை மேல் புகை நாறும்.

வீட்டில் ஒரு கிண்ணம் மட்டும் இருக்கிறது. அப்பா இருக்கும்போது மழைக்காலத்தில் நான் எடுத்தது. அதைப் பற்றி இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. பக்கவாதம் வந்து படுத்ததிலிருந்து தினமும் காலையில் அவர் குதிகாலுக்கும் முழங்காலுக்கும் தடவிவிடுவேன், அது உனக்குத் தெரியும். கடைசி நாள் காலையில் கிண்ணத்தை எங்கிட்ட குடு என்றார். நல்லாயிருந்த அந்த இடது கை விரலால் ஒரு தோண்டு தோண்டி எடுத்து, என் மணிக்கட்டைப் பிடித்துத் தடவிவிட்டார். ஊருக்கெல்லாம் தடவுற, உன் கையைப் பாருடி, முதலை முதுகாட்டம் கிடக்கு என்று கேலி பண்ணினார். நான் போங்க என்று கையை உருவிக்கொண்டு களி கிண்டப் போய்விட்டேன். மதியம் ஆள் இல்லை. நீ வயிற்றுப் பிள்ளையோடு இருந்தாய், விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் பண்ணியாகிவிட்டது. எல்லாரும் அழுதார்கள். எனக்கு இன்றுவரை அழுகை வரவில்லை வும்பினி. ஏன் என்று கேட்காதே, எனக்கும் தெரியவில்லை.

அந்த விரல் பள்ளம் வெண்ணெயில் அப்படியே இருக்கிறது. குளிரோடு தூசிக்காற்று வீசிய மாதங்களில் கல்லு மாதிரி இறுகிக் கிடந்தது, கவலை இல்லை. இப்போது வெயில் ஏறிவிட்டது. தண்ணீர்ப் பானைக்கு அடியில் ஈர மணலில் வைத்துப் பார்க்கிறேன், ஆனாலும் ஓரம் பளபளக்கத் தொடங்கிவிட்டது. இன்னும் கொஞ்ச நாள் போனால் மொத்தமும் எண்ணெயாகி மட்டமாக நின்றுவிடும். போன வாரம் சனாத்து தண்ணீர் குடிக்க வந்தவள் கிண்ணத்தைப் பார்த்துவிட்டு, நீங்கதான் தடவக்கூடாதே, சும்மாதானே கிடக்கு என்று ஓரத்தில் கிள்ளி முழங்கையில் தேய்த்தாள். இன்னொரு கிள்ளு எடுக்க அந்தப் பள்ளத்துப் பக்கம் கையைக் கொண்டுபோனாள். நான் கத்தின கத்தலில் தெருவில் போன ஆடு கூட நின்றுவிட்டது. அண்ணி, என்ன ஆச்சு உங்களுக்கு என்று பயந்துபோனாள். சொன்னேன். அப்படியே தரையில் உட்கார்ந்து அண்ணா அண்ணா என்று அழுதாள், முழங்கையில் தேய்த்ததை விரலால் வழித்து வழித்துக் கிண்ணத்தின் மறுபக்கத்தில் திரும்ப வைத்தாள். நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

அன்றைக்கு ராத்திரியே முடிவு பண்ணிவிட்டேன். பக்கத்து வீட்டு நெய்ந்தோ நாளைக்கு அக்ரா போய் அங்கிருந்து உங்கள் வின்னிபெக்குக்குத்தான் வருகிறான். மீன்காரர்கள் வைத்திருக்கும் ஐஸ் பெட்டியில் கிண்ணத்தை வைத்துக் கட்டிக் கொடுத்திருக்கிறேன். சாய்க்காதே, வெயிலில் வைக்காதே என்று நான் சொல்லச் சொல்ல, அத்தே, இதென்ன வெண்ணெயா முட்டையா என்கிறான். இங்கே வைத்தால் உருகிவிடும். உன் ஊரில் உருகாது. நீயும் ஹீட்டர் பக்கத்தில் வைத்துவிடாதே. முழங்கை வெண்ணெய் மறுபக்கத்தில் இருக்கிறது, அதை எடுத்து உன் பாத வெடிப்புக்குத் தடவிக்கொள். பிள்ளைக்கு வெந்நீரில் குளிப்பாட்டி ஈரம் காயும் முன்னே தடவ வேண்டும், முதலில் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து உருக்கிக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு, பால் கொடுக்கிறவள்.

உன் வீடு நிறையட்டும், பிள்ளை நீண்ட ஆயுளோடு வளரட்டும், மாப்பிள்ளைக்கு என் துஆ. ஒன்று மட்டும் மறக்காதே. கிண்ணம் வந்ததும் அந்தப் பள்ளத்தில் உன் விரலை ஒருமுறை வைத்துப் பார். சரியாகப் பொருந்தும், உனக்கு அவர் விரல்தானே. பார்த்துவிட்டு மூடி வைத்துவிடாதே, அந்த இடத்திலிருந்தே தோண்டிப் பிள்ளைக்குத் தடவு. தடவிவிட்டு எனக்குப் போன் பண்ணு. நீ அழு, நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
மந்தேயா