ஈயச் சாயமும் உங்கள் பாட்டும்

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே அனைவரும் நலம். நீங்களும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும். பாப்பாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. அப்பாவிடம் காட்டாமல் தூக்கிப் போட மாட்டேன் என்று தீப்பெட்டியில் வைத்திருக்கிறாள். சமையலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது.

மறுபடி போனில் பேசினால் நீங்கள் கத்துவீர்கள், நான் அழுது தொலைப்பேன். அன்றைக்கும் என்னை முழுதாகச் சொல்ல விடவில்லை. அதனால்தான் கடிதம்.

மருந்து ஏற்றிய இரும்புத் துகள்கள் புற்றுநோய் செல்லுக்குள் போய்விட்டன என்று நாம் கட்டுரையில் போட்டோமே, எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் படம், உங்களுக்கு அந்த வெளியூர் வேலையை வாங்கிக் கொடுத்த படம், அதன் வெட்டாத மூலத்தைத் திரையில் போட்டுப் பார்த்தேன். ஓரத்தில், செல்லே இல்லாமல், அதைப் பதித்த ரெசின் பிசின் மட்டும் இருக்கும் இடத்திலும் அதே கறுப்புப் புள்ளிகள் அப்பிக் கிடக்கின்றன. செல்லுக்குள் போன துகளுக்கு அங்கே என்ன வேலை?

அதே ரெசின் கட்டியிலிருந்து புதிதாகச் சீவல் எடுத்து, சாயம் போடாமலே பார்த்தேன். இரும்பாக இருந்தால் அப்போதும் கறுப்பாகத் தெரிய வேண்டும். ஒன்றும் இல்லை. பிறகு முகமூடி போட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, செல்லை எடுத்துக்காட்டும் ஈயச் சாயம் போட்டேன். செல் பளிச்சென்று தெரிந்தது, புள்ளியைக் காணோம். கடைசியில் உங்கள் பழைய சீவலையே, என்ன உலோகம் என்று காட்டிக் கொடுக்கும் எக்ஸ்ரே சோதனைக்கு வைத்தேன். புள்ளிகள் அத்தனையும் ஈயம். இரும்பு மருந்துக்குக்கூட இல்லை.

ஈயச் சாயத்தின்மேல் மூச்சுப் பட்டால் படத்தில் கறுப்புப் புள்ளி விழும் என்று முதல் நாளே நமக்குச் சொல்லித் தந்தார்கள். நீங்களோ சாயம் போடும்போதெல்லாம் குனிந்து பாடிக்கொண்டே இருப்பீர்கள். சுருதி சேராத அந்தப் பாட்டுக்காகத்தான் நான் பக்கத்து மேசையைக் கேட்டு வாங்கினேன். இது உங்களுக்குத் தெரியாது.

வேலை நிரந்தரமாகிற வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இரு என்கிறீர்கள். மூட வேண்டிய நேரத்தில் மூடாதவர் நீங்கள். நான் மூட மாட்டேன். அந்தப் படத்தை நம்பி நோயாளிகளுக்கு ஊசி போடப் போகிறார்கள். துறைத்தலைவரும் கூப்பிட்டு, வீட்டு விஷயத்தை வீட்டோட வெச்சுக்கோங்கம்மா என்றார். ஊசி போட்டுக்கிறவங்களுக்கும் வீடு இருக்கு சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். மைக்ராஸ்கோப் அறைச் சாவியைக் கேட்டார். கொடுக்கவில்லை.

படத்தின் ஓரத்தை அழகுக்காகத்தான் வெட்டினீர்கள் என்று நம்புகிறேன். அந்த நம்பிக்கையில் மண்ணைப் போட்டுவிடாதீர்கள்.

கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை எழுதிவிட்டேன். அதில் என் பெயரும் நாறத்தான் போகிறது, நாறட்டும். மாதக் கடைசியில் பத்திரிகைக்கு அனுப்புவேன். நீங்கள் கையெழுத்துப் போட்டாலும் போகும், போடாவிட்டாலும் போகும். ஆனாலும் என் கையெழுத்துக்கு மேலே உங்களுக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன். அந்த இடம் வெறுமையாகப் போனால் என்னால் தாங்க முடியாது.

வேலை போனால் போகட்டும், வந்துவிடுங்கள். வந்து பல்லைப் பாருங்கள். வாய்விட்டுப் பாடுங்கள், பக்கத்திலேயே இருந்து கேட்கிறேன். சாயம் மட்டும் இனி நான் போடுகிறேன்.

என்றும் உங்கள்
பிடிவாதக்காரி