மழையில் மூன்று வினாடி

ஜூன் 3, செவ்வாய்
மட்டாஞ்சேரியில் காலையிலிருந்து மழை. வழக்கம்போல வீட்டிலிருந்தே வேலை. எங்கள் கம்பெனி விற்கும் மென்பொருள் டூல் திறக்க 3.8 வினாடி. கறுப்புத் திரையில் ஒரு கட்டளை அடித்துவிட்டு நாலு வினாடி சும்மா உட்கார்ந்திருக்க யாருக்குப் பொறுமை? தினமும் நூறு தடவை அடிக்கிறவர்கள்! ஏப்ரல் பதிப்பிலிருந்துதான் இந்த மந்தம். சில வாடிக்கையாளர்கள் விலகப் போவதாகச் சொல்கிறார்களாம். காரணம் வெள்ளிக்குள் தெரிய வேண்டும் என்கிறார் மேனேஜர் வெங்கிடராமன் சார்.

ஜூன் 4
நல்ல வெயில். எங்களிடம் ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் சஜி ஏப்ரலில் சேர்த்த பகுதியைக் கழற்றிவிட்டு ஓட்டினேன். 0.7! அப்பாடா. ரிப்போர்ட்டில் அவன் பெயரை எழுதி அனுப்பிவிட்டேன்.

மாலையில் போன் செய்தான். "என் பகுதி கொஞ்சம் கனம்தான் சேச்சி. ஆனா மூணு செகண்டெல்லாம் எடுக்காது. இன்னொரு தடவ பாருங்களேன்."

பார்த்தாச்சு சஜி, என்றேன். பார்க்கவில்லை.

ஜூன் 6
சஜியின் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை.

ஜூன் 17
அவன் பகுதி இல்லாத பதிப்பு வெளியாகிப் பத்து நாள். இங்கே தேவராவில் இருக்கும் ஒரு வாடிக்கையாளரிடமிருந்து மறுபடி புகார். அதே நாலு வினாடி. அவர்கள் ஆபீஸில் வெளி நெட்டை அடைத்து வைத்திருக்கிறார்கள்.

நெட்டா? டூலின் வரிகளை முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.

ஜூன் 18
டூல் திறந்ததும், புதுப் பதிப்பு உண்டா என்று நெட்டில் கேட்கிறது. பதில் வராவிட்டால் மூன்று வினாடி காத்திருக்கிறது. அந்த வரி என்னுடையது. மார்ச் கடைசியில், கோடை மழையில் எழுதியது. பக்கத்தில் என் குறிப்பு: மழையில் வீட்டு நெட் போய்ப் போய் வரும், கொஞ்சம் பொறு.

மூன்றாம் தேதி மழை, நெட் இல்லை. நாலாம் தேதி வெயில், நெட் இருந்தது. இதில் சஜி எங்கே வந்தான்? ஒரே ஒரு தடவை அளந்தேன். பன்னிரண்டு வருட அனுபவம் – தூ!

வேறு யாருடைய பகுதி என்றாலும் இன்னொரு தடவை அளந்திருப்பேனோ? நகரசபையில் துப்புரவு வேலை பார்த்த ஆறுச்சாமியின் மகன் என்பதால்தானா அவ்வளவு சீக்கிரம்... எழுதவே கை கூசுகிறது.

"சாதம் ஆறிப் போறதுடீ, ஸாதனா" என்று அம்மா மூன்று தடவை கூப்பிட்டாள். பசிக்கலைம்மா. என்னை விட்டுடேன்.

ஜூன் 19
ஒன்று விடாமல் சாருக்கு எழுதினேன். உடனே போன். "காரணம் தெரிஞ்சுடுத்தோல்லியோ? சரி பண்ணிடு. அதோட விட்டுடு. போனவனைத் திரும்பக் கூப்பிட முடியாது."

ஜூன் 20
சஜியை அழைத்தேன். பிராட்வே கடைத்தெருவில் மச்சான் கடையில் நிற்கிறானாம். பின்னால் ஒரே இரைச்சல். நான்தான் காரணம் என்று சொல்லி முடித்தேன்.

"எத்தன தடவ அளந்தீங்க சேச்சி?"

"ஒரு தடவை."

வைத்துவிட்டான்.

ஜூன் 27
மழை. என் வரியை எடுத்துவிட்டு, சஜியின் பகுதியைத் திரும்பச் சேர்த்தேன். நெட் ஒயரைப் பிடுங்கி ஓட்டினேன், மாட்டி ஓட்டினேன். இருபது தடவை. எல்லாத் தடவையும் 0.8. அவன் பகுதிக்கு ஆவது வினாடியில் பத்தில் ஒரு பங்கு.

சொல்லலாம் என்று அழைத்தேன். எடுக்கவில்லை.