ராஜா கொடுத்த தெரு

அக்கா,

நம் தெரு நெசவாளர் சங்கம் போட்ட புதுப் புத்தகத்தில் அச்சு மை வாடை இன்னும் போகவில்லை. விரித்ததும் நீ வேலை பார்த்த வக்கீல் ஆபீஸ் ஞாபகம் வந்தது. நீ காய்ச்சலில் போய் எட்டு மாதம் ஆகிறது. எல்லோரும் தூங்கிவிட்டார்கள் என்று நினைக்கிறேன். அப்பா இருமினால் இந்தத் தாளை நோட்டுக்குள் செருகிவிடுவேன்.

அட்டையில் ராஜா. குதிரை, முறுக்கு மீசை, கழுத்து நிறைய முத்து. நெசவாளர்களுக்குத் தெருவையே தானம் தந்த சமூகநீதிக் காவலராம். இந்த இடம் யாருக்கு என்று கோயிலுக்கும் நம் தெருவுக்கும் நடக்கிற வழக்கில் நம் வக்கீல் போட்ட மனுவிலிருந்து அப்படியே எடுத்திருக்கிறார்கள். அந்த மனுவை டைப் அடித்தவள் நீ.

கோயில் சுவர்க் கல்வெட்டின் மேல்பாதியை மட்டும்தான் சங்கத்து ஆட்கள் போட்டோ எடுத்து வந்தார்கள். கீழ்ப்பாதியை, அவர்களே உபயமாக மாட்டிய பெயர்ப்பலகை மறைத்துக்கொண்டிருந்தது. ஆபீஸில் கிடந்த பழைய அச்சுப் பிரதியில் முழுவதையும் படித்தவள் நீ ஒருத்திதான். ராஜா தெருவையும் அதில் நெய்கிறவர்களையும் சேர்த்துக் கோயிலுக்குக் கொடுத்திருந்தார். தறிக்கு வரியும் போட்டிருந்தார். தானமாகப் போனது நாம்தான்.

அப்பாவிடம் சொன்னாய். சங்கத் தலைவர் அல்லவா, அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. இது வெளியே வந்தால் வீடே போய்விடும் என்றார். நீ விடவில்லை.

"செத்துப்போன ராஜாவுக்கு வக்காலத்து யாருப்பா போட்டது? அவரு குடுத்தாருன்னு ஏன் கெஞ்சிக்கினு நிக்கணும்? இத்தினி தலைமுறையா நாம இங்க நெய்துக்கினு இருக்கிறோம். அதச் சொல்லுப்பா."

மனுவில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற அப்பா விடவில்லை.

வரி போட்டவனுக்கு மாலை போடுகிறார்கள், அக்கா. மனுவில் வள்ளல், கட்சி நோட்டீஸில் புரட்சியாளர். அடுத்த தேர்தலுக்குள் பட்டுக் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராகவும் சேர்ந்துவிடுவார்.

நாளை ராஜா சிலை திறப்பு. வரவேற்புரை நான். அப்பா எழுதிக் கொடுத்ததில் முதல் வரியே 'மன்னர் நமக்குத் தந்த தெரு'. மேடையில் எம்.எல்.ஏ. இருப்பார், நம் வக்கீல் இருப்பார். கீழ்ப்பாதியைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நம் வீட்டை நானே காட்டிக்கொடுக்க முடியாது. ஆனால் அந்தப் பொய்யும் வாயில் வரவில்லை. வரியை அடித்துவிட்டு, 'நாம் நெய்து வாழும் தெரு' என்று எழுதியிருக்கிறேன்.

வாயைத் திறந்த உடனே அப்பாவுக்குத் தெரிந்துவிடும், இது யாருடைய பேச்சென்று. பயமாக இருக்கிறது. தெரியட்டும்.