உப்பிடலாகாத குடம்

உப்பு விளையும் ஏழு துறைகளையும் ஒரு குடைக்கீழ்க் காத்தருளும் அரசி வெண்கோடையாரின் ஆணை தாங்கி, தலைமை அமைச்சன் நன்னாகன், கல்வாயில் கணவாயைக் கண்ணிமை போல் காத்து நிற்கும் கோட்டைத் தலைவர் ஏறனாருக்கு விடுக்கும் ஓலை. உமது மதில் சாயாதிருக்க. உமது வீரர் நலம் குன்றாதிருக்க.

நலம் கேட்டு நீட்ட நேரமில்லை. அரசியாருக்குக் கருங்காய்ச்சல் கண்டு இருபத்தொரு நாளாகிறது. மண்ணீரல் வீங்கி, வயிறு கல்லாய்க் கிடக்கிறது. மலைநாட்டு மருத்துவர் அல்லியங்கோதையார் அனுப்பிய மருந்துக்குடம் நாளை உச்சிப்பொழுதில் உமது வாயிலை அடையும். இன்னொரு குடம் செய்ய மூன்று திங்களாகும்; அரசியாருக்கோ மூன்று நாள் கூட உறுதியில்லை.

அக்குடத்தில் நீர் உப்பிடலாகாது.

அயல்நாட்டிலிருந்து வரும் எப்பாத்திரத்திலும் நம் மண்ணின் உப்பு ஒரு கைப்பிடி விழுந்த பின்னரே அது உள்ளே வரலாம் என்பது சட்டம் என்று நீர் சொல்வீர். அரசியாரின் திருமணத் தேனுக்கே உப்பிட்டவர் நீர். அதை முகம் சுளிக்காமல் விழுங்கியவருள் யானும் ஒருவன். ஆகவே காரணத்தையும் எழுதுகிறேன்.

இம்மருந்து உறையின்றி உடலுள் சென்றால், நோயைக் கொல்லுமுன் சிறுநீரகத்தைக் கொல்லும். ஆதலால் மருத்துவர் அதைக் கண்ணுக்குப் புலப்படாத கொழுப்புக் குமிழிகளுக்குள் பொதிந்திருக்கிறார். நாளத்தில் செலுத்தியதும் அவை குருதியோடு ஓடும். உடலைக் காக்கும் அணுக்கள் அந்நியப் பொருளென்று அவற்றைப் பிடித்து விழுங்கும். நோய்க்கிருமி ஒளிந்திருப்பதும் அந்தக் காவலர் வயிற்றிலேயே. மருந்து அங்கே அவிழ்ந்து பகையை முடிக்கும். உப்புப் பட்டாலோ குமிழிகள் திரண்டு குலையும்.

இது ஊகமன்று. சென்ற மாரியில் என் மகள் பூங்கணைக்கு இதே நோய் கண்டபோது, முதற்குடம் உமது வாயில் வழியே வந்தது. சட்டப்படி உப்பிட்டீர். மருந்தேற்றிய மூன்றாம் நாள் அவளுக்குச் சிறுநீர் நின்றது. ஆறாம் நாள் மூச்சு நின்றது. குடத்தின் அடியில் தங்கிய மஞ்சள் மண்டியைக் கண்ட பின்னரே மருத்துவர் காரணம் உணர்ந்தார். அக்குடத்தின் மூடியை இத்துடன் அனுப்புகிறேன். உமது கோட்டை உப்பு அதில் இன்னும் ஒட்டியிருக்கிறது.

ஆகவே குடத்தைத் திறவாதீர், வெயிலில் வையாதீர், குதிரை மாற்றும் நேரத்துக்கு மேல் நிறுத்தாதீர். ஐயம் எழுந்தால் கொண்டுவரும் தூதரைப் பிணையாக நிறுத்திக்கொள்ளும், மருந்தைத் தொடாதீர்.

உம்மைத் தண்டிக்க வேண்டுமென்று அவையில் சிலர் கேட்டனர். யான் மறுத்தேன். முப்பது ஆண்டுகளுக்கு முன் அச்சட்டத்தை எழுதி, மருந்துக்கும் விலக்கில்லை என்ற வரியைச் சேர்த்தவன் யானே. என் மகளைக் கொன்றது உமது கை அன்று, ஏறனாரே. என் எழுத்தாணி.

அரசியார் இசைவோடு அந்த வரியை இன்று அழித்தேன். நீர் ஐயுறாதிருக்க, இவ்வோலைக்கு மட்டும் வழக்கப்படி உப்புநீர் தெளித்து அரசியாரின் சுறா முத்திரை பொறித்திருக்கிறேன். குடத்துக்கு வேண்டாம். அது வந்தவுடன் வாயில் திறக்கப்படுக.