நீ ஷேர் செய்த படத்தில் இருந்தவர்

அன்பு மகன் அருள்ராஜுக்கு அம்மா எழுதுவது. இங்கே டெல்லி கரோல் பாகில் நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மனசுக்குத்தான் சரியில்லை. அங்கே டொரன்டோவில் நீயும் கவிப்ரியாவும் குளிருக்கு இதமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அப்பாவுக்குப் புது பிரஷர் மாத்திரை ஒத்துக்கொண்டது, வெளியே ஒரே புகை, ஜன்னலைத் திறப்பதே இல்லை. உனக்குத் தமிழ் படிக்க நேரமாகும், தெரியும். ஆனாலும் இதைக் கவிப்ரியாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லாதே, எழுத்துக்கூட்டியாவது நீயே படி. போனில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய், நான் அழுதுவிடுவேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நம் காலனி குரூப்பில் நீ ஒரு படம் போட்டாயே, கறுத்த மனிதர் ஒருவர் அழுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு மெட்ரோ வாசலில் வேகமாக நடக்கிற படம், பிள்ளை பிடிக்கிறவன், எல்லோருக்கும் ஷேர் செய்யுங்கள் என்று இந்தியில் எழுதியிருந்ததே, அந்த மனிதர் பெயர் லட்சுமணன். நீ போன பிறகு நம் கீழ்வீட்டுக்குக் குடிவந்தவர், அதனால் உனக்கு முகம் தெரியாது. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், லோதி ரோடில் ஆபீஸ். அந்தக் குழந்தை அவருடைய மகள் மதுமதி. தடுப்பூசி போட்டுத் திரும்பும்போது வலியில் அழுதிருக்கிறாள். அவள் தன் அம்மா உமாமகேஸ்வரியைப் போல நல்ல சிவப்பு, அப்பா கறுப்பு. அவர் செய்த குற்றம் அவ்வளவுதான்.

நீ போட்டபோது எங்களுக்குச் சாயங்காலம். காபி டம்ளரோடு போனைத் திறந்தால் மேலே உன் பெயர், கீழே அவர் முகம். இது தப்பு என்று நான் டைப் செய்து முடிப்பதற்குள், இவன் நம் பிளாக்கில்தான் இருக்கிறான் என்று யாரோ எழுதிவிட்டார்கள், கீழே சத்தமும் கேட்க ஆரம்பித்துவிட்டது. வெளியாட்கள் மட்டுமல்ல, தினம் நமக்கு நமஸ்தே சொல்கிறவர்களும் அவர் வாசலில் நின்றார்கள். ஏ மதராஸி, பச்சி கிஸ்கி ஹை, குழந்தை யாருடையது என்று அதட்டினார்கள். மேரி பேட்டி, என் மகள் என்றார். அதைக் கேட்டு ஒருவன் சிரித்தான், இன்னொருவன் அறைந்தான். படியில் விழுந்து அவருக்குக் கை முறிந்தது. நான் செருப்புக்கூடப் போடாமல் இறங்கிப்போய் நடுவில் நின்று, இவர் எங்கள் வீட்டு மனிதர் என்று கத்தினேன். ஆன்ட்டிஜி, ஹட்டியே, விலகுங்கள் என்று ஒருவன் என் தோளைப் பிடித்துத் தள்ளினான். அப்பா போலீசுக்குப் போன் செய்துவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டே இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றார். கதவுக்குப் பின்னால் உமா குழந்தையை இறுக்கிப் பிடித்திருந்தாள். அது உதறிக்கொண்டு ஓடிவந்து கீழே கிடந்தவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அப்பா எந்திரிப்பா, எந்திரிப்பா என்று அலறியது. அந்தச் சத்தத்துக்குப் பிறகுதான் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். போலீஸ் வந்தபோது அடித்தவர்கள் யாருமே அங்கே இல்லை.

அன்றைக்கு நான் போனில் சொன்னதும் நீ என்ன சொன்னாய், நான் எழுதலையேம்மா, சும்மா ஷேர்தானே பண்ணேன் என்றாய். ஆயுசு பூராவும் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவள் நான், அந்தச் சொல் எனக்குப் பொறுக்கவில்லை. ஷேர் என்பதற்கு ஆதியில் வெட்டுதல் என்றுதான் அர்த்தம். ஆட்டு ரோமம் கத்தரிக்கிற பெரிய கத்தரி இருக்கிறதே, ஷியர்ஸ், அதுவும் இதுவும் ஒரே வேர். மண்ணைக் கீறுகிற கலப்பைக் கொழுவுக்கும் அவர்கள் மொழியில் அதே பெயர்தான். வெட்டின துண்டுக்கு ஷேர் என்று பெயர் வந்தது, பிறகு துண்டு போட்டுக் கொடுப்பதற்கு வந்தது, அப்புறம் ஒன்றைச் சேர்ந்து அனுபவிப்பதற்கு, மனசில் உள்ளதைச் சொல்வதற்கு, இப்போது போனில் விரலால் தட்டுவதற்கு. நம் பகிர்வும் பகுத்தலில் வந்ததுதான். தன்னிடம் இருப்பதை வெட்டிக் கொடுக்கிறவனுக்குக் கொஞ்சமாவது குறையும் அருள், அதனால் யோசித்துக் கொடுப்பான். உனக்கு என்ன குறைந்தது? வெட்டு மட்டும் இங்கே விழுந்தது.

நேற்று ரசம் கொண்டுபோய்க் கொடுத்தேன். உமா கேட்டாள், நம்ம குரூப்புல மொதல்ல போட்டது யாருக்கா, வெளிநாட்டு நம்பரா இருக்கு என்று. பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, என் மகன்தான் என்றேன். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. உள்ளே கட்டிலில் இருந்து லட்சுமணன், தம்பிக்கு என்னைத் தெரியாதுல்லா என்றார். தெரியலன்னா போடலாமா என்று உமா கேட்டாள். ரசத்தை வாங்கிக்கொண்டாள், பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுத்தாள், கதவைச் சாத்திக்கொண்டாள்.

நீ அந்தப் படத்தை அழித்துவிட்டாய், சரி. அழித்தால் போதாது. அது பொய், போட்டது நான்தான் என்று அதே குரூப்பில் உன் பெயரோடு இந்தியில் எழுது. அவரோடு தமிழில் பேசு, திக்கினாலும் பரவாயில்லை, கவிப்ரியாவைப் பேச விடாதே. அவர் திட்டினால் கேட்டுக்கொள். மன்னிக்காவிட்டால் அதையும் கேட்டுக்கொள்.

இன்று காலை பால்கனியில் இருந்து பார்த்தேன், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். மதுமதி தூக்குப்பா, தூக்குப்பா என்று அவர் காலைக் கட்டிக்கொண்டாள். அடிபடாத கை காலியாகத்தான் இருந்தது. அவர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அம்மாகிட்ட போ என்றார்.

உனக்கும் கவிப்ரியாவுக்கும் எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு, கோபத்திலும் உண்டு. நேரத்துக்குச் சாப்பிடு. இதைப் படித்ததும் போன் செய், முதலில் கீழ்வீட்டுக்கு, பிறகு எங்களுக்கு.

உன் அம்மா
பூங்கோதை அய்யாசாமி